பஞ்சவர்ணம் அத்தை கடைச் சாமான்களின் பெயர்கள்

பெரம்பலூர் துறையூர் ரோட்டில் இருக்கும் எங்கள் அத்தை கடைக்கு வந்து, "முக்கால் இன்ச் நைலான் வாஷர் இருக்குங்களா?" என்று கேட்டால் கவுண்டரில் இருப்பவர்கள் முழிப்பார்கள். "வாத்தியார் வாஷர்" என்று கேட்டால் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை விட்டு எடுத்துக் கொடுப்பார்கள். ஒரு வாத்தியார் அதை வாங்கிப்போய், சரியில்லை என்று திருப்பிக் கொண்டுவந்து, மறுநாள் அதையே வாங்கிப்போனார். அன்று விழுந்த பெயர். ரஞ்சன்குடிக் கோட்டைப் பக்கம் கிணறு வைத்திருப்பவர் நச்சரித்து வரவழைத்தது கோட்டை கப்ளிங். விலையைக் கேட்டு முறைத்துக்கொண்டு போன ஒருவருக்காக வாங்கி வைத்தது கோவிச்சுக்கிட்டவர் போல்ட். பேச்சில் மட்டுமல்ல, கம்ப்யூட்டர் பில்லிலும் ஜி.எஸ்.டி.யோடு அப்படியேதான் அச்சாகும்.

கடைக்காரி பஞ்சவர்ணம், என் அப்பாவின் அக்கா. உடையார்பாளையம் பக்கம் முந்திரிக் காட்டில் வளர்ந்து, பத்தாவது முடித்து, பெரம்பலூருக்கு வாக்கப்பட்டவர். மாமா மணிவண்ணன் அரியலூர் சிமெண்ட் ஆலைக்கு லாரி ஓட்டுகிறார். அவர் எப்போது வீட்டுக்கு வருவார் என்பது அவருக்கும் லாரிக்கும் மட்டுமே தெரியும். சும்மா இருக்க முடியாமல் அத்தை வீட்டு முன்னறையில் மோட்டார் கயிறும் வாஷரும் வைத்து விற்கத் தொடங்கினார். இன்று பெரம்பலூரில் கடை, அரியலூரில் கிளை, ஜெயங்கொண்டத்தில் இன்னொன்றுக்கு இடம் பார்த்தாகிவிட்டது. பம்பு, மோட்டார், அதன் உள்ளே போகும் எல்லாம் கிடைக்கும்.

அத்தைக்கு சுகர் இல்லை, பிரஷர் இல்லை. இருக்கிற ஒரே வியாதி வெட்கம். தப்பான சாமான் ஒன்று கடையை விட்டுப் போய்விட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு செட்டிகுளம் தாண்டியும் வயலுக்கே போய் மாற்றிக் கொடுத்துவிட்டு வருவார். வெள்ளெழுத்து வந்து நாளாகிவிட்டது, ஆனால் கண்ணாடி போடுவதற்கும் வெட்கம். கல்லாவுக்குக் கீழே பழைய துணிக்குள் கண்ணாடி தூங்கும். உச்சி வெயிலில், "ஏண்டி பூவிழி, வெளிச்சமே பத்தல, இது என்னன்னு படி" என்பார். பூவிழி என்பது நான். பாலிடெக்னிக்கில் இரண்டாவது வருஷம் நானும் படிப்பும் பேசிப் பிரிந்துவிட்டதால் கடைக்கு வந்து சேர்ந்தவள். கவுண்டரில் நிற்கும் மணிமாறன் அண்ணன் முதுகில் "கடைசி பீஸ், தள்ளுபடி உண்டு" என்று சீட்டு ஒட்டுவது, அவர் டிஃபன் பாக்ஸில் சாம்பாருக்கு மேல் ரப்பர் வளையத்தை மிதக்க விடுவது போன்ற வேலைகளை நான் சம்பளம் இல்லாமலே செய்து வந்தேன்.

பெயர் விஷயத்தில் முதல் இடி கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து வந்தது. அங்கே ஒரு விவசாயிக்குப் பம்பு நின்றுவிட்டது. நடவு போட்ட வயல். அரியலூர் கிளைக்குப் போய்ச் சாமானைச் சொன்னார். அரியலூரில் இல்லை. அவர்கள் இங்கே போன் போட்டு அவர்கள் ஊரில் அதற்கு வைத்திருந்த பெயரைச் சொன்னார்கள். இங்கே அந்தப் பெயரில் வேறொரு சாமான் இருந்தது. மணிமாறன் அண்ணன் அதைப் பொட்டலம் கட்டி பஸ் டிரைவர் கையில் கொடுத்து, பஸ் நம்பரை அரியலூருக்குச் சொல்லிவிட்டார். எங்கள் கொரியர் அதுதான். போய்ச் சேர்ந்தது, பொருந்தவில்லை. மறுபடி போன், மறுபடி பஸ், மறுபடி பொருந்தவில்லை. வயல் வெடித்த பிறகு அந்த விவசாயி போனில் அத்தையைத் திட்டவில்லை. "உங்களை நம்பி இருந்துட்டேன்மா" என்று மட்டும் சொன்னார். அத்தை இரண்டு நாள் டீயில் வாழ்ந்தார்.

மூன்றாம் நாள், "எல்லாச் சாமானையும் ஒரே இடத்துல எழுதி வைக்க ஏதாச்சும் இருக்காடி?" என்று கேட்டார்.

இருந்தது. அதற்கென்றே சாஃப்ட்வேர் விற்கிறார்கள். பில் போடும் சாஃப்ட்வேருக்கு ஒரு சாமானின் விலையும் இருப்பும் போதும். இது வேறு மாதிரி. அந்தச் சாமான் என்ன, எந்தக் கம்பெனி, என்ன அளவு, எந்த மோட்டாருக்குப் பொருந்தும், பார்க்க எப்படி இருக்கும், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளும். ஒருமுறை எழுதினால் பெரம்பலூர் பில், அரியலூர் பில், வெப்சைட், மெக்கானிக்குகளுக்கு அனுப்பும் வாட்ஸ்அப் கேட்லாக், எல்லாவற்றுக்கும் அங்கிருந்தே போகும்.

விற்க வந்தவர்களில் முதல் ஆள் கோட்டு போட்டுக்கொண்டு வந்து முழுக்க இங்கிலீஷில் பேசினார். அத்தை தலையாட்டிக்கொண்டே இருந்தார். அவர் போனதும், "பாவம், நல்ல பையன். என்ன வியாதின்னு தெரியல" என்றார். இரண்டாவது ஆள் ஒரே அமுக்கு அமுக்கினால் எல்லாச் சாமானும் எல்லா இடத்துக்கும் பறந்துவிடும் என்றார். மணிமாறன் அண்ணனுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. மூன்றாவது திருச்சியிலிருந்து வந்த செந்தில்குமார். அவருடைய சாஃப்ட்வேரில் தமிழில் எழுதலாம். ஆனால் எதை எழுதினாலும் வரிசையில் போய் நிற்கும். பொறுப்பானவர் பார்த்து ஒப்புதல் பொத்தானை அமுக்கினால்தான் வெளியே போகும்.

"ஒவ்வொண்ணா அமுக்கிட்டிருந்தா ஜெயங்கொண்டம் கடை எப்பக்கா திறக்கிறது?" என்றார் மணிமாறன் அண்ணன்.

"டிரையல்தானே, பார்ப்போம்" என்றார் அத்தை.

டிரையலில் முதல் சாமானை நான்தான் ஏற்றினேன். பெயர்: பஞ்சவர்ணம். நிறுவனம்: உடையார்பாளையம். விவரம்: சீக்கிரம் சூடாகும், மற்றபடி நீடித்து உழைக்கும், விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது. படம்: கொட்டாவி விடும்போது எடுத்தது. அது ஒப்புதலுக்காக வரிசையில் போய் நின்றது.

உண்மையான விவரங்களை ஏற்ற ஆள் வேண்டியிருந்தது. அப்போதுதான் வெற்றிச்செல்வி வந்தாள். கம்ப்யூட்டர் டிகிரி முடித்தவள். அவள் அப்பா வீரன், ரஞ்சன்குடிப் பக்கத்து மோட்டார் மெக்கானிக். அத்தை முன்னறையில் வியாபாரம் தொடங்கிய காலத்திலிருந்து, பழுது பார்க்கப் போகும் ஊரிலெல்லாம் "பெரம்பலூர்ல அந்தம்மா கடையில வாங்குங்க" என்று சொல்லி ஆளனுப்பியவர். பழைய மோனோபிளாக் மோட்டாருக்கு எப்போதும் ஒரு புஷ், ஒரு வாட்டர் சீல், ஒரு பேரிங் என்று சேர்த்தே கேட்பார். அதைப் பார்த்து மற்ற மெக்கானிக்குகளும் அப்படியே கேட்க, அது ஒரு செட்டாகிவிட்டது. "எம்பொண்ணுக்கு இங்க ஏதாச்சும் வேலை இருக்குங்களாம்மா?" என்று அவர் கேட்டபோது அத்தைக்கு அவ்வளவு சந்தோஷம். "உன் பொண்ணுக்கு இல்லாத வேலையா வீரா, நாளைக்கே வரச் சொல்லு" என்றார்.

வெற்றிச்செல்வி வேலையில் சுத்தம். ஸ்கேலை வைத்து அளந்து, படம் பிடித்து, ஒவ்வொன்றாக ஏற்றுவாள். நான் அவள் மவுஸுக்கு அடியில் டேப் ஒட்டிவைத்தால், சத்தம் போடாமல் பிரித்து என் போனின் கேமராமேல் ஒட்டிவிட்டுப் போவாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்திருந்தது. அவளிடம் சொல்லவில்லை.

செந்தில்குமார் டெமோவுக்கு மறுபடி வந்தது கடை மந்தமாக இருக்கும் ஒரு மத்தியானம். பழைய பில் கம்ப்யூட்டரில் இருந்த சாமான் பெயர்கள் அத்தனையையும் மொத்தமாக இழுத்து டிரையலுக்குள் போட்டார். கடை டிவியில் பெரிதாகத் தெரிந்தது. வாத்தியார் வாஷரைப் பார்த்து அவர் சிரித்தார். அத்தைக்குப் பெருமை பிடிபடவில்லை.

"எங்க கடைல சாமானுக்கெல்லாம் மனுசங்க பேருதான் தம்பி. கம்பெனிக்காரன் வைக்கிற பேரு யாருக்கு ஞாபகம் இருக்கு? இந்தப் பொண்ணோட அப்பா பேர்லகூட ஒண்ணு இருக்கு. அது இல்லாம எங்க கடையே இல்லை." பிறகு கீபோர்டில் இருந்தவளிடம், "வெற்றி, உங்கப்பா பேரை அடிச்சுக் காட்டும்மா" என்றார்.

"மதுரைவீரன்னா மேடம்?"

"வீரன்னு அடி, போதும்."

அவள் அடித்தாள். டிவியில் ஒரே ஒரு வரி வந்தது.

காலனி வீரன் செட்.

எங்கள் பக்கத்தில் அந்த முதல் வார்த்தைக்கு யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள்; ஆள் எந்தச் சாதித் தெரு என்பதை அதுவே சொல்லிவிடும். அதற்குக் கீழே நிறுவனம், அளவு, படம் என்று எல்லாக் கட்டமும் காலியாக இருந்தது. பெயரைத் தவிர இந்தப் பொருளைப் பற்றி எந்த விவரமும் இல்லை என்று சாஃப்ட்வேர் சிவப்பில் காட்டியது.

மணிமாறன் அண்ணன் திடீரென்று போல்ட் எண்ண ஆரம்பித்தார். அத்தை கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கண்ணாடி போடாத கண்ணுக்கும் டிவி எழுத்து தெரிந்துவிட்டது. அந்தப் பெயரைத் தினமும் கேட்டவர்தான். "காலனிவீரன்செட்டு" என்று ஒரே மூச்சில் கவுண்டரில் கத்துவதைக் கேட்டுக் கேட்டு, அதற்குள் ஒரு மனிதர் இருப்பதும், அவர் பெயருக்கு முன்னால் ஒரு வார்த்தை நிற்பதும் அத்தைக்கு மறந்தே போயிருந்தது.

வெற்றிச்செல்வி திரும்பிப் பார்த்தாள். குரல் எப்போதும்போலத்தான் இருந்தது.

"இதுக்கு என்ன போட்டோ போடணும் மேடம்?"

அவள் அந்த வரியை அப்படியே விட்டுவிட்டு அடுத்த சாமானுக்குப் போனாள். வேலை நேரம் முடிகிறவரை உட்கார்ந்து ஏற்றினாள். கிளம்பும்போது, "வரேங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

அந்த வாரக் கடைசியில் செந்தில்குமார் வந்தார். விஷயம் புரிந்திருந்தது, நல்ல மனசோடுதான் சொன்னார்.

"மேடம், இது பெரிய பிரச்சனையே இல்லை. எல்லாக் கடையிலயும் உள்ளதுதான். இதுக்குன்னே நம்ம சாஃப்ட்வேர்ல ஒரு பெட்டி இருக்கு. உள்பெயர்னு. பில்லுல வராது, வெப்சைட்ல வராது, கஸ்டமர் கண்ணுல படவே படாது. கவுண்டர்ல இருக்கவங்க தேடுறப்ப மட்டும் வரும். பழைய பேரையெல்லாம் அதுல தள்ளிட்டா முடிஞ்சுது."

"அதைச் செய்ங்கக்கா" என்றார் மணிமாறன் அண்ணன். "பேரை எடுத்துட்டா நாங்க எதைச் சொல்லித் தேடுறது? மெக்கானிக்கெல்லாம் வந்து அதைத்தானே கேக்குறான்."

"வச்சது யாரு?" என்றார் அத்தை.

"எது?"

"அந்தப் பேரு."

மணிமாறன் அண்ணன் தரையைப் பார்த்தார். "அப்ப ரெண்டு வீரன் வந்துட்டிருந்தாங்கல்லக்கா. வெல்டிங் பட்டறை வீரன் ஒருத்தர், இவர் ஒருத்தர். குழம்புதுன்னு நீங்கதான்..."

"நான்தான்" என்றார் அத்தை. "முதல் கம்ப்யூட்டர் வாங்குனப்ப நானே உக்காந்து அடிச்சேன். ஒவ்வொரு எழுத்தாத் தேடித் தேடி அடிச்சேன்டி பூவிழி. அப்பக்கூடத் தோணல."

செந்தில்குமாரிடம் முடிவு சொல்லாமல் என்னைப் பின்னால் உட்காரவைத்து ஸ்கூட்டியை எடுத்தார். ரஞ்சன்குடிப் பக்கம் எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது. இத்தனை வருஷத்தில் வீரன் அத்தை வீட்டுக்கு எத்தனையோ தடவை வந்து மோட்டார் மாட்டிக் கொடுத்திருக்கிறார். வாசலில் நின்றபடி காபி குடித்துவிட்டுப் போவார். உள்ளே வாங்க என்று யாரும் சொன்னதில்லை, வேண்டாம் என்றும் யாரும் சொன்னதில்லை. அவர் வீடு எங்கே என்று அத்தைக்குத் தெரியாது.

ரஞ்சன்குடி தாண்டி ஒரு கிராமத்து பஸ் ஸ்டாப்பில் நிறுத்தி, அங்கே உட்கார்ந்திருந்தவரிடம் கேட்டார்.

"மோட்டார் மெக்கானிக் வீரன் வீடு எதுங்க?"

"எந்த வீரன்?"

"மதுரைவீரன். மெக்கானிக்கு."

"ஓ, காலனி வீரனா?" என்றார் அவர், ரொம்ப உதவியாக.

அத்தை ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த ஆள் கை நீட்டிய பக்கம் வண்டி போனது. பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அத்தையின் முகம் தெரியவில்லை. கழுத்து சிவந்திருந்தது.

மதுரைவீரன் வாசலில் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "வாங்கம்மா, உள்ள வாங்க" என்றார். அந்த "உள்ள" அத்தையை எங்கே தைத்ததோ, அப்படியே நின்றுவிட்டார். பிறகு செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனார். பிளாஸ்டிக் நாற்காலி இரண்டு. கலர் வாங்கிவரப் பக்கத்து வீட்டுக்குக் குரல் போனது. வெற்றிச்செல்வி சமையலறை நிலையில் வந்து சாய்ந்து நின்றாள். என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள்.

"வீரா..." என்று ஆரம்பித்து அத்தை நிறுத்தினார். அவரைவிட அந்த மனிதர் பத்து வயதாவது மூத்தவர். "நீ... நீங்க..." என்றார். புதுச் செருப்பு மாதிரி அந்த வார்த்தை அவரைக் கடித்தது. "நீங்க அன்னைக்கு மாட்டுன மோட்டாரு நல்லா ஓடுதுங்க."

"ஓடுங்க. அது ஓடும்" என்றார் அவர். சிறிது நேரம் மோட்டாரைப் பற்றியே பேசினார்கள். அத்தை கலர் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் மதுரைவீரனே கேட்டார்.

"பேரு விசயமாவா வந்தீங்க?"

அத்தை தலையை நிமிர்த்தவில்லை.

"எனக்குத் தெரியும்மா. இன்னைக்கு நேத்தா? நான் கவுண்டர்ல நிக்கும்போதே உங்க கவுண்டர் பையன் போன்ல சொல்லுவான், காலனி வீரன் வந்திருக்காருன்னு. 'ரு' போட்டு மரியாதை வேற குடுப்பான்." லேசாகச் சிரித்தார். "கடைன்னா ஆயிரம் பேரு வரான் போறான், அடையாளத்துக்குச் சொல்றாங்கன்னு விட்டுட்டேன். வாங்குறது வாங்கித்தானே ஆவணும். பாப்பாவைக் கொண்டாந்து அங்க உக்கார வச்சேன் பாருங்க, அதுதான் தப்பு. நான் கேட்டுட்டுப் போறது வேற. அது படிக்கிறது வேற."

"மன்னிச்சுக்கங்க" என்றார் அத்தை. அந்த வார்த்தையை அத்தை வாயிலிருந்து நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

"அதெல்லாம் பெரிய வார்த்தைங்க. குடிங்க, சூடாயிடும்."

நிலையில் நின்றவள்தான் பேசினாள்.

"உள்பெயர்னு ஒரு பெட்டி இருக்கே மேடம். டிரையல்ல பார்த்தேன். அதுல வைக்கப் போறீங்களா?"

"இல்லம்மா."

"யார் கண்ணுலயும் படாது."

"என் கண்ணுல படும்" என்றார் அத்தை. "நீ வந்துடு வெற்றி. புதுப் பேரு என்னன்னு நீயே சொல்லு. நீ சொல்றதை வைக்கிறேன்."

வெற்றிச்செல்வி அத்தையைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை.

"நான் எதுக்கு மேடம் சொல்லணும்? வச்சவங்களே எடுங்க."

திரும்பி வந்த அத்தை கடைக்குள் நுழைந்ததும் கல்லாவுக்குக் கீழே கையை விட்டுப் பழைய துணியைப் பிரித்து, எல்லார் முன்னாலும் கண்ணாடியை எடுத்து மாட்டினார். செந்தில்குமாருக்குப் போன் போட்டு, "உங்களோடதையே எடுத்துக்கிறேன் தம்பி. மெதுவாப் போறதுதான் வேணும். ஒப்புதல் பொத்தான் எனக்கு மட்டும் இருக்கட்டும். அந்த உள்பெயர் பெட்டியை எடுத்துடுங்க" என்றார்.

"மேடம், அந்தப் பெட்டிதான் நம்ம சாஃப்ட்வேரோட ஸ்பெஷலே" என்றார் அவர், அழாத குறையாக.

"அப்ப அதைப் பூட்டிச் சாவியை நீங்களே வச்சுக்கங்க."

அதன்பிறகு ஒவ்வொரு மத்தியானமும் அத்தை டிவிக்கு முன்னால் உட்கார்ந்து பெயர்களை ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தார். அந்த ஆள் எதிரில் நிற்கும்போது இப்படிப் படிக்க முடியுமா என்பது அவர் வைத்த சோதனை. முடிந்தால் பெயர் இருக்கும், முடியாவிட்டால் போகும். ஊமையன் பைப் போனது. குட்டையன் கிளாம்ப் போனது. அதையெல்லாம் நாங்கள் சொல்லிச் சிரித்தது நினைவுக்கு வந்து, மணிமாறன் அண்ணனும் நானும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருந்தோம். வாத்தியார் நேரில் வந்தபோது அவரிடமே படித்துக் காட்டினார். "அப்போ எனக்குக் கமிஷன் வரணுமே" என்றார் வாத்தியார். அது தப்பித்தது. நான் ஏற்றிய பஞ்சவர்ணம் என்ற சாமானும் ஒருநாள் வரிசையில் வந்தது. அத்தை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கொட்டாவிப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். ஒப்புதலும் கொடுக்கவில்லை, அழிக்கவும் இல்லை. அது இன்னும் வரிசையில்தான் நிற்கிறது.

மதுரைவீரனின் செட்டுக்கு அத்தையே உட்கார்ந்து, எழுத்தெழுத்தாகத் தேடி, "பழைய மோனோபிளாக் புஷ், சீல், பேரிங் செட்" என்று அடித்தார். ஜெயங்கொண்டம் கடை அந்த வருஷம் திறக்கவில்லை. வெற்றிச்செல்வி திருச்சியில் வேறு வேலைக்குப் போய்விட்டாள். அவள் உட்கார்ந்த நாற்காலியில் இப்போது நான். டேப் ஒட்ட ஆள் இல்லாத மவுஸ்.

அரியலூரிலிருந்து ஒருநாள் போன் வந்தது. "அக்கா, காலனி வீரன் செட் இருக்கா?"

"அப்படி ஒரு சாமான் நம்ம கடைல இல்ல" என்றார் அத்தை.

"என்னக்கா, போன வாரம்கூட அனுப்புனீங்களே..."

"இல்லைன்னு சொன்னேன்ல. என்ன மோட்டாரு, என்ன அளவு, அதைச் சொல்லு."

கோடை வந்து கிணறுகளில் தண்ணீர் இறங்க, மோட்டார்கள் எரிய ஆரம்பித்தபோது மதுரைவீரன் கடைக்கு வந்தார். கூட்டம். அத்தை கல்லாவில் இருந்தார். அவரைப் பார்த்ததும் எழுந்தார். "வாங்க" என்றார். இந்த முறை அந்த வார்த்தை அவ்வளவாகக் கடிக்கவில்லை.

மணிமாறன் அண்ணனும் பார்த்துவிட்டார். பழக்கத்தில் உள்ளே திரும்பி, குடோனில் இருந்த பையனுக்குக் குரல் கொடுத்தார்.

"டேய், கா..."

அங்கேயே நின்றார். அவர் முழுசாகச் சொல்லவில்லைதான். ஆனால் அந்த ஒரு எழுத்து அவ்வளவு கூட்டத்தின் சத்தத்திலும் எல்லாருக்கும் கேட்டது. அத்தைக்குக் கேட்டது. எனக்குக் கேட்டது. மதுரைவீரனுக்கும் கேட்டது.

அத்தையின் கண்ணாடிக்குள் கண் தாழ்ந்தது.

மதுரைவீரன் மணிமாறன் அண்ணனைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து தேய்ந்துபோன பழைய புஷ் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"அளவு சொல்லவா?" என்றார்.